காத்துல வருதே... எதுக்குடா ஒயர்?

என்ன ஃப்ரெண்ட்ஸ், செமஸ்டர் டென்ஷன் முடிஞ்சுதா? கேம்பஸ் இன்டர்வியூ டென்ஷன் ஆரம்பிச்சிருக்குமே! அப்படின்னா இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான்.

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். உங்க வீட்டு மோடம் பக்கத்துல நின்னு போன்ல ஸ்பீடு டெஸ்ட் பாருங்க. அப்புறம் மாடியில நீங்க படிக்கிற ரூமுக்குப் போய் இன்னொரு தடவை பாருங்க. ரெண்டு நம்பரையும் ரெக்கார்டு நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதி வச்சுக்குங்க. கடைசியில தேவைப்படும்.

இப்போ கதைக்கு வருவோம். திருமுல்லைவாயலில் என் பெரியப்பா வீடு. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு கிரவுண்டு மனை. கீழ்த்தளம் கட்டியது தொண்ணூறுகளில். முதல் மாடி, அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் வந்தது. அடுத்து இரண்டாவது மாடியில் ஒரு ரூம். இப்போது அதை ஒட்டி இன்னும் இரண்டு ரூம் எழும்பி, பூச்சு வேலைக்குக் காத்திருந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எத்தனையோ வீடுகளின் வரலாறு இதுதானே? ஒரு லோன் முடிந்ததும் ஒரு மாடி ஏறும்!

அந்த இரண்டாவது மாடி ரூம் அண்ணன் மகளுடையது. இன்ஜினீயரிங் கடைசி வருஷம். போன மாசம் அவளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. முதல் இரண்டு கேள்விக்கு டாண் டாண் என்று பதில் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது கேள்வி பாதியில் நின்றது. எதிரே இருந்தவர் முகம் அப்படியே உறைந்துவிட்டது. இவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடி, முதல் மாடிக்கு வந்து சேர்வதற்குள் கால் கட்டாகிவிட்டது. திரும்ப யாரும் கூப்பிடவில்லை.

"சித்தப்பா, பதில் தெரியாம தோத்திருந்தா கூட பரவாயில்ல..." என்று போனில் சொன்னவள் அதற்குமேல் பேசவில்லை. அடுத்த இன்டர்வியூவுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

அண்ணன் சும்மா இல்லை. 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கியிருந்தார். அண்ணி ஒரு ரிப்பீட்டர் வாங்கி மகள் ரூமிலேயே மாட்டியிருந்தார். ரெண்டும் வேலைக்கு ஆகலை. மோடத்தில் நேராக ஒயர் சொருகிப் பார்த்தேன், 290. ஹாலில் போனில் 200. முதல் மாடியில் 45. அவள் ரூமில்... வெறும் 3!

பிளானில் குறை இல்லை. வீட்டுக்குள்ளேதான் எங்கேயோ தொலைகிறது. எங்கே?

தலைக்கு மேலே பாருங்க. நம்ம வீட்டு ஸ்லாப் சுமார் 5 அங்குல கான்கிரீட். உள்ளே அரை அடிக்கு ஒரு கம்பி, குறுக்கும் நெடுக்கும். ரேடியோ அலைக்கு அது ஒரு இரும்பு வலை. பெரியப்பா வீட்டு மோடம் கீழே ஹாலில், டிவிக்குப் பின்னால், மர அலமாரிக்குள் இருந்தது. அங்கிருந்து இரண்டு ஸ்லாப்பைத் தாண்டி மேலே போகணும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் ஸ்லாப்பிலேயே டயர்டாகிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் கூடுதலாக ஊடுருவும், ஆனால் அங்கே கூட்டம் ஜாஸ்தி. லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அதை நம் நாட்டில் 2005-லேயே திறந்துவிட்டார்கள்.  பக்கத்து வீட்டு வை-ஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்த 2.4-லேயேதான் இடிபடுகின்றன.

ரிப்பீட்டர் ஏன் சொதப்பியது? சிக்னல் செத்துப்போன இடத்தில் அதை மாட்டினால், செத்த சிக்னலைத்தான் திரும்பச் சொல்லும். அதுவும் சாதா ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். பாதி வேகம் அதிலேயே காலி.

இதில் பெரிய தமாஷ் என்ன தெரியுமா? 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலுக்கடியில் 'ஐ-டு-ஐ' என்று ஒரு கேபிள் போட்டார்கள். நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். பக்கத்திலிருக்கும் அம்பத்தூரிலேயே பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன. என்டிடி கம்பெனி 2023-ல் ஒன்று திறந்தது. அவ்வளவு தூரம் கடலுக்குள் வரும் சிக்னல், பெரியப்பா வீட்டு ஹாலிலிருந்து 20 அடி மேலே ஏற முடியாமல் மூச்சு வாங்குகிறது! அந்த டேட்டா சென்டருக்குள் சர்வருக்கும் சர்வருக்கும் நடுவில் வை-ஃபை கிடையாது. எல்லாமே கேபிள்தான்.

"அப்போ ஒவ்வொரு மாடிக்கும் ஒயர் இழுக்கணும்" என்றேன். பெரியப்பா பேப்பரை மடித்து வைத்தார். "எல்லாம் காத்துல வருதுன்னுதானே சொன்னீங்க? எதுக்குடா ஒயர்? பெயின்ட் அடிச்சு ஒரு வருஷம் கூட ஆகலை. சுவத்துல உளி வச்சீங்கன்னா பார்த்துக்குங்க!"

அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தச் சுவர் அவர் பி.எஃப். பணம்.

"பெரியப்பா, மேல் மாடிக்குத் தண்ணி எப்படிப் போகுது? மோட்டார்ல பைப் வழியாத்தானே? குழாயிலிருந்து சொம்பு வரைக்கும்தான் தண்ணி காத்துல விழுது. வை-ஃபையும் அவ்வளவுதான். ஒவ்வொரு மாடிக்கும் பைப் மாதிரி ஒயர் போகணும். அங்கிருந்து போனுக்கு மட்டும் காத்துல போனா போதும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பழைய சுவத்துல கை வைக்காம முடியுமா?" என்று கேட்டார். முடியும்!

இரண்டாவது மாடி புது ரூம்களில் பூச்சு வேலை புதன்கிழமை ஆரம்பம். அதுவரை சுவர் நம் கையில். எலக்ட்ரீஷியன் கரன்ட் பைப் பதித்துக்கொண்டு இருந்தார். அவரை உட்கார வைத்து, அண்ணன் மகளே ஒரு பேப்பரில் பிளான் போட்டாள். நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்க வீட்டுக்கும் இது அப்படியே பொருந்தும்.

நகராதது எது, நகர்வது எது? டிவி, டெஸ்க்டாப், சிசிடிவி ரெக்கார்டர், மேஜையில் உட்காரும் லேப்டாப் எல்லாம் ஓரிடத்தில் இருப்பவை. இதெல்லாம் ஒயரில். போன், டேப்லெட் வை-ஃபையில். வை-ஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும். டிவியை ஒயருக்கு மாற்றினாலே மற்றவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

நடு இடம் எது? மோடத்தை முதல் மாடி மாடிப்படி லாஃப்ட்டுக்கு மாற்றினோம். அங்கே ஒரு ஸ்விட்ச். அங்கிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி ஒயர். ஒரு ரூமிலிருந்து அடுத்த ரூம், அங்கிருந்து அதற்கடுத்த ரூம் என்று ரயில் பெட்டி மாதிரி கோர்க்கக் கூடாது. நடுவில் ஒன்று போனால் பின்னால் எல்லாம் அவுட். லாஃப்ட் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நம்ம ஏரியா மறக்குமா? தரைத்தளத்தில், தரையோடு தரையாக எந்தப் பெட்டியும் வேண்டாம்.

எவ்வளவு ஒயர்? பத்து பாயின்ட், ஒவ்வொன்றுக்கும் சராசரி 20 மீட்டர் என்றால் 200 மீட்டர். கேபிள் ஒரு பாக்ஸ் 305 மீட்டர் வரும். ஒரு பாக்ஸ் தாராளம். கேட்-6 போதும். 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் தாங்கும்.

ஏமாறாதீங்க! கேட்-6 என்று எழுதி, உள்ளே அலுமினியக் கம்பிக்குத் தாமிர முலாம் பூசின கேபிளும் கடைகளில் கிடைக்கும். கத்தியால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையாகப் பளபளத்தால் அது போலி. முழுத் தாமிரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்க.

பைப்பில் என்ன கவனிக்கணும்? கரன்ட் ஒயர் போகும் பைப்பில் நெட் கேபிளைச் சேர்த்து விடவே கூடாது. ஒரு அடியாவது தள்ளிப் போகட்டும். குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். பைப்புக்குள் ஒரு கயிறை விட்டு வைங்க. பத்து வருஷம் கழித்து வேறு கேபிள் இழுக்கும்போது உங்களையே நீங்கள் வாழ்த்துவீங்க.

பழைய சுவருக்கு என்ன செய்தோம்? உளியே வைக்கவில்லை. வீட்டுக்குப் பின்பக்கம் மழைத்தண்ணி பைப் இறங்குகிறது இல்லையா? அதை ஒட்டி ஒரு பிவிசி பைப் இறக்கி, அதற்குள் வெயில் தாங்கும் கறுப்பு உறை கேபிள். ஜன்னல் ஃபிரேம் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்!

கிரிம்பிங் யார் செய்தது? அண்ணன் மகள்தான். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இதுதான் வரிசை, இரண்டு முனையிலும் இதே. முதல் முனை சரியாக வரவில்லை. நெட் வந்தது, ஆனால் 94-க்கு மேல் ஏறவே இல்லை. ஏன்? 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு எட்டுக் கம்பியில் நாலு போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். பிரவுன் கம்பி ஒன்று சரியாக உட்காரவில்லை. வெட்டிவிட்டு மறுபடி அடித்தாள். ஓஎஸ்ஐ மாடலில் ஏழு லேயர் என்று பரீட்சையில் எழுதியிருப்பீங்களே, அதில் முதல் லேயர் இந்தக் கம்பிதான். புத்தகத்தில் அரைப் பக்கம், அன்று அவளுக்கு ஒரு மணி நேரம்!

வை-ஃபை பெட்டி எங்கே? மாடிக்கு ஒன்று. மூன்றும் ஒயரில் இணைந்தவை. பெயரும் பாஸ்வேர்டும் மூன்றிலும் ஒன்றே. அப்போதுதான் போன் தானாக மாறிக்கொள்ளும். 2.4-ல் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. கீழே 1, நடுவில் 6, மேலே 11. கணக்கு சரியா வந்துதா?

புதிதாக மூன்று வாங்கணுமா? வேண்டாம். பழைய ரூட்டர் பரணில் கிடக்கிறதா? அதில் டிஹெச்சிபியை ஆஃப் பண்ணுங்க. ஐபி முகவரியை மெயின் ரூட்டரோடு மோதாமல் மாற்றுங்க. ஒயரை வான் போர்ட்டில் சொருகாமல் லான் போர்ட்டில் சொருகுங்க. அதுவே ஆக்சஸ் பாயின்ட் ஆகிவிடும். அண்ணன் வீட்டில் இரண்டு அப்படித்தான். புதிதாக வாங்கியது ஒன்றே ஒன்று.

கரன்ட் போனால்? மோடம் மட்டும் இன்வெர்ட்டரில் இருந்து, மாடி ரூட்டர் சாதா பிளக்கில் இருந்தால் இன்டர்வியூ பாதியில் மறுபடி அதே கதைதான். மூன்றுமே இன்வெர்ட்டர் லைனில் இருக்கணும். புதுசா வாங்குவதாக இருந்தால் பிஓஇ ஸ்விட்ச் வாங்குங்க. நெட் கேபிளிலேயே கரன்ட்டும் அனுப்பும். அதற்கேற்ற ஆக்சஸ் பாயின்ட்டாகப் பார்த்து வாங்கணும். லாஃப்ட்டில் ஒரே பிளக் போதும்.

குடித்தனக்காரர் இருந்தால் கெஸ்ட் நெட்வொர்க் தனியாகப் போட்டுக் கொடுங்க. உங்க பிரின்டரும் கேமராவும் அவங்க கண்ணில் படாது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி கடைசி பைப் பதிந்தது. புதன்கிழமை பூச்சு. அந்த வாரக் கடைசியில் அவள் ரூமில் டெஸ்ட் பார்த்தோம். ஒயரில் 288. போனில் 180.

அடுத்த இன்டர்வியூ 40 நிமிஷம் நடந்தது. ஒரு தடவை கூட முகம் உறையவில்லை. வேலை கிடைத்ததா என்று கேட்காதீங்க, ரிசல்ட் இன்னும் வரலை. "ரெண்டு கேள்விக்கு உளறிட்டேன் சித்தப்பா" என்றாள். குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் அந்தப் பழைய ஆற்றாமை இல்லை. இந்த முறை உளறியது அவள்தான். உளறலைப் படித்துச் சரி செய்துகொள்ளலாமே!

இப்போ உங்க ரெக்கார்டு நோட்டை எடுங்க. ரெண்டு நம்பருக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கா? பிளானை ஏத்துறதுக்கு முன்னாடி வீட்டைப் பாருங்க. எந்தச் சுவர், எத்தனை ஸ்லாப், எந்த அலமாரி என்று ஒரு படம் போடுங்க. உங்க வீட்டிலோ சொந்தக்காரங்க வீட்டிலோ கட்டட வேலை நடக்குதா? பூச்சுக்கு முன்னாடி போய் நில்லுங்க. ஒரு நாள் தள்ளிப்போனால் சுவரை உடைக்கணும்.

ஆங்... சொல்ல மறந்துட்டேனே. நேற்று பெரியப்பா போன் பண்ணினார். "ஏம்ப்பா, அந்த ஒயர் மிச்சம் நூறு மீட்டர் கிடக்குதே. எதிர்வீட்ல மாடி எழுப்பறாங்க. பூச்சு அடுத்த வாரமாம். நீ எப்போ வர்றே?"

கிளம்பிக்கிட்டே இருக்கேன். அடுத்த வாரம் பார்ப்போம் ஃப்ரெண்ட்ஸ்!