அறுந்த நாணைத் திரிப்பவர் யார்?

கருவி இருந்துவிட்டால் தொழிலும் இருந்துவிட்டது என்று எண்ணுவார் பலர். அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு வில் கிடக்கின்றது. அதனடியில் ஒரு சிறு அட்டை. அவ்வளவில் ஒரு மக்களினத்தின் விற்றொழில் காக்கப்பட்டுவிட்டதாக மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர். அவ்வில்லின் நாண் நாளை அறுந்துவிழுமானால் அதனைப் புதிதாகத் திரித்துப் பூட்டவல்லார் யாவர் என்னும் வினாவை மட்டும் எவரும் எழுப்புவதிலர். தொழிலின் உயிர் அவ்வினாவில் அன்றோ உள்ளது!

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியப் பகுதியில் வாழ்ந்த யாகி மக்களின் வரலாறு இதற்குப் போதிய சான்று. 1848-இல் அந்நிலத்தில் பொன் கண்டெடுக்கப்பட்டபின் வெள்ளையர் வெள்ளமெனப் புகுந்தனர். யாகியர் விலங்குகளைப்போல் வேட்டையாடப்பட்டனர். எஞ்சிய ஒரு சிலர் மலைப்பள்ளத்தாக்கின் புதர்களுக்குள் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கரந்து வாழ்ந்தனர். புகை தெரியாமல் அடுப்பெரித்து, அடிச்சுவடு தெரியாமல் நடந்து வாழ்ந்த அவர்களுக்கு, ஓசையின்றி இரை வீழ்த்தும் வில்லே உற்ற துணை.

1908-ஆம் ஆண்டுக் கூதிர் வேளையில் மின்விசை நிறுவனம் ஒன்றன் நில அளவையர் அப்பள்ளத்தாக்கிற்குள் புகுந்தனர். அப்போது எஞ்சியிருந்தோர் நால்வரே. ஏனையோர் ஓடி மறைய, நடக்கமாட்டாத முதிய தாயொருத்தி மட்டும் போர்வைக்குள் கிடந்தாள். வந்தவர்கள் அவளைக் கொல்லவில்லை. ஆனால் வில், அம்பு, கூடை, தோற்போர்வை எனக் கைக்குக் கிட்டியவற்றையெல்லாம் நினைவுப் பொருள்களாக வாரிச் சென்றனர். மறுநாள் மீண்டும் வந்து பார்த்தபோது கிழவியும் அங்கில்லை.

வில்லைத்தானே எடுத்தனர், வேறொன்று செய்துகொள்ளலாகாதா எனக் கேட்பார் இருப்பர். அவர்கள் அவ்வில் பிறக்கும் முறையை அறிதல் வேண்டும். மலைச் சூனிப்பர் மரக்கிளையைப் பிளந்து, அதன் புறப்பகுதியை மட்டும் கொண்டு, மணற்கல்லில் தேய்த்து வடிவாக்குவர். முனைகளைச் சுடுகல்லின்மேல் வளைத்துக் கட்டி, இருளும் வறட்சியுமுள்ள இடத்தில் உலரவிடுவர். உலர்த்தலுக்கே சில திங்கள் ஆகும். ஆண்டுக்கணக்கில் விடுதலும் உண்டு. பின்னர்ச் சால்மன் மீன்தோலைக் காய்ச்சிய பசையைப் பூசுவர். மான்காலின் தசைநாண்களை வாயிலிட்டு மென்று இழையிழையாகப் பிரித்து, வில்லின் முதுகில் ஒன்றன்மேலொன்று படியுமாறு ஒட்டி, காயும்வரை பட்டைநாரால் இறுகச் சுற்றிவைப்பர். நாணும் தசைநாணின் மெல்லிய இழைகளே. மென்று முறுக்கி, ஈரம் உலருமுன் இரு கொம்புகளுக்கிடையே கட்டி எச்சிலால் நீவியெடுப்பர். (எலும்பொடு தசையைப் பிணைக்கும் உறுப்பிற்குத் தமிழில் தசைநாண் என்று பெயர். அச்சொல்லுக்குள்ளும் ஒரு வில்லின் நாண் இருப்பதைத் தமிழர் எத்தனைபேர் எண்ணிப்பார்த்திருப்பர்!)

ஆகவே, ஒரு புதுவில் வேண்டுமெனின் முன்னரே ஒரு மான் வீழ்ந்திருத்தல் வேண்டும். மானை வீழ்த்தவோ வில் வேண்டும். பழைய வில்லை வாரிச்சென்றவர்கள் இனிப் பிறக்கவேண்டிய வில்லையும் சேர்த்தே எடுத்துச்சென்றனர் என்க. கூதிர் முன்னிற்க, கருவியற்று நின்ற அந்நால்வரை அவர்கள் சுடவில்லை என்பதனால் மட்டும் பழியினின்று நீங்கிவிடுவரா?

மூன்றாண்டு கழித்து, 1911 ஆகத்துத் திங்கள் 29-இல், ஓரோவில் என்னும் ஊரின் இறைச்சிக்கூடத்தருகே பசியால் மெலிந்த ஒருவர் தனியராய் வந்து நின்றார். தம் பெயரை அவர் இறுதிவரை எவர்க்கும் சொல்லவில்லை. மாந்தன் என்று பொருள்படும் ‘இசி’ என்னும் யானா மொழிச் சொல்லால் பேராசிரியர் ஆல்பிரடு குரோபர் அவரை அழைத்தார். சான் பிரான்சிசுகோவின் பல்கலைக்கழக அருங்காட்சியகமே அவர்க்கு உறைவிடமாயிற்று. அருகிருந்த மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்த சாக்சுடன் போப்பு என்பார் அவரிடம் வில் பயிலத் தொடங்கினார். தாம் கண்டதையும் கேட்டதையும் போப்பு எழுதிவைத்தமையாலேயே இச்செய்திகள் இன்று கிடைக்கின்றன.

நாணேற்றியபடியே விட்ட வில்லும் நிமிர்த்திச் சாத்திய வில்லும் களைத்து வியர்க்கும். வேலையில்லாதபோது வில் படுத்திருத்தல் வேண்டும் என்பது இசியின் கூற்று. இதனைக் குழந்தைப் பேச்சென்று தள்ளுவார் அறியாதார். ஓயாமல் வளைந்தே கிடக்கும் மரம் அவ்வளைவிற்கே பழகி மீள்விசையை இழக்கும். தசைநாணும் தோற்பசையும் ஈரம் பட்டால் தளரும். ஆகலின் பூமாவின் வால்தோலால் வில்லுறையும், நீர்நாய்த்தோலால் அம்பறாத்தூணியும் செய்துகொண்டார். அம்பின் முன்துண்டைத் தனியே செய்து பொருத்தினார். அத்துண்டு முறிந்தால் அதனை மட்டும் மாற்றினால் போதும். பெண் தொட்ட வில் கோணி எய்யும், மணலும் நீரும் கொண்டு கழுவினாலன்றி அக்குறை தீராது என்றும் அவர் நம்பினார். இது மூடநம்பிக்கையே. பழமை என்பதற்காக இதனையும் சேர்த்துப் பாராட்டுவது அறிவுடையார் செயலன்று.

மரபு என்றால் பழம்பொருளைக் கட்டியழுதல் என ஏளனம் செய்வாரும் உளர். புதுப்பொருளைத் தீண்டினாலே மரபு கெட்டது எனப் பதைப்பாரும் உளர். இருவர்க்கும் இசியின் கைகளே விடை. எரிமலைக் கண்ணாடிக் கல்லால் அம்புமுனை செதுக்கியவர், நகரத்திற்கு வந்தபின் குப்பிக் கண்ணாடியில் செதுக்கினார். வில்லின் பசைக்கு அரக்குமெருகு பூசி ஈரம் காத்தார். ஆயின் அழுத்திச் சில்லு பெயர்க்கும் முறை மாறவில்லை. கண்ணில் சில்லுத் தெறித்தால் கசக்காமல், கீழிமையை இழுத்துப் பிடித்துக் குனிந்து, உச்சந்தலையில் ஓங்கி ஓர் அறை அறைந்து அதனை வீழ்த்துவார், அதுவும் மாறவில்லை. நீட்டிய கைமுதல் எதிர்ப்புற இடுப்புவரை வில்லின் நீளம் என்னும் அளவும் மாறவில்லை. அவர்க்கு அது மூன்றரை அடி. வேறொருவர்க்கு வேறாகும். அளவுகோல் அவரவர் உடலே!

இன்று அமெரிக்க வேட்டைக்காரர் மிகப்பலர் ஏந்துவது உருளிகள் பூட்டிய வில். 1966-இல் மிசௌரியைச் சார்ந்த ஆலன் என்பார் காப்புரிமை கோரி 1969-இல் பெற்ற அமைப்பு அது. விசை மிக்கது, குறி தவறாதது, ஐயமில்லை. ஆனால் அதன் நாணை மாற்றுதற்கே தனியோர் அழுத்துபொறி வேண்டும். அஃதில்லார் கடைக்குத் தூக்கிச்செல்வர். நாண் அறுந்த அன்று அவர் வேட்டுவர் அல்லர், வாங்குவோர். பொருளை மாற்றிய இசி தொழிலை விடவில்லை. இவர்களோ தொழிலையே விலைக்கு விட்டுவிட்டனர்.

இனி, இசியின் வில் போப்பின் வழியாக உயிர்பிழைத்தது என்று பெருமை பேசுவாரையும் சற்றே எதிர்கொள்ளல் வேண்டும். 1961-இல் போப்பின் பெயரும் அவர்தம் தோழர் ஆர்தர் யங்கின் பெயரும் தாங்கி வில்வேட்டைக் கழகம் ஒன்று எழுந்தது உண்மையே. ஆனால் போப்பு பின்னாளில் தம் கையால் செய்து கரடி வேட்டைக்குக் கொண்டுசென்ற வில் எது? யூ மரத்தாலான ஆங்கிலேய நெடுவில்! இதில் அவரைக் குறைகூறுதற்கில்லை. பிறரிடம் தொழில் கற்று, தம் முன்னோர் வில்லை அவர் மீட்டுக்கொண்டார், அஃது அறிவுடைமை. யாகி வில்லை அவ்வாறு மீட்டுக்கொள்ள ஒரு யாகியும் எஞ்சவில்லை.

நாணேற்றிய நல்ல வில், அம்பால் தட்டும்போது இனிய ஒலி எழுப்புதல் வேண்டும் என்பது இசியின் தேர்வுமுறை. வில்லின் ஒரு முனையை வாயோரம் வைத்து நாணைத் தட்டிப் பாடவும் செய்வார். பெரும்பாணாற்றுப்படை கூறும் ஆயனின் வில்யாழை அறிந்த தமிழர்க்கு இது வியப்பாகாது. கொல்லும் கருவியே பண்ணும் இசைத்தது. அப்பாட்டின் மொழியை எழுதிக்கொள்ள 1915-ஆம் ஆண்டு வேனிலில் மொழியறிஞர் எட்வர்டு சபீர் வந்தார். சொற்கள் ஏட்டில் ஏறின. ‘மன்னீ’ என்பது வில்லின் பெயர் எனப் போப்பும் குறித்துவைத்தார். அச்சொல்லைச் சொல்லித் தந்தையிடம் மகன் வில் கேட்கும் இல்லம் ஒன்றும் அப்போதே உலகில் இல்லை.

அடுத்த ஆண்டு, 1916 மார்ச்சு 25-இல், இசி என்புருக்கி நோயால் இறந்தார். அவர்தம் உடலொடு எரியூட்டப் பேழைக்குள் சில பொருள்களை வைத்தனர். கருவாலிக்கொட்டை மாவு ஒரு கூடை, சிறிது புகையிலை, கிளிஞ்சல் மணிகள், அவர் செய்த வில்களுள் ஒன்று, அம்பு ஐந்து, இனிச் செதுக்குதற்கென எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள் சில.