பாலையை ஆக்கியவர் யார்?

கிந்தா ஆறு மலையிறங்கி ஈப்போவை நோக்கி வரும் வழியில் அமைந்த சிற்றூர் தஞ்சோங் ரம்புத்தான். ஆற்று வளைவில் ரம்புத்தான் மரங்கள் செழித்து நின்றமையால் இப்பெயர் வந்தது என்பர். கனிமரத்தின் பெயர் தாங்கிய இவ்வூரை நாட்டு மக்கள் நினைவில் வைத்திருப்பது வேறொன்றிற்காக. 1911ஆம் ஆண்டில் இங்கு மனநல மருத்துவமனை தோன்றியது. அதன்பின், ஒருவரைப் பித்தர் என எள்ள விரும்புவோர் இவ்வூர்ப் பெயரைச் சொல்லிச் சிரிப்பது வழக்கமாயிற்று. நோயுற்றோரை நகைப்பது பண்பன்று, அது கிடக்க. அறிவு திரிந்தமைக்குச் சான்று தேடுவோர் அம்மருத்துவமனையின் மதிலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டுவதில்லை. கிந்தாப் பள்ளத்தாக்கில் இன்றும் ஆங்காங்கே வெளுத்துக் கிடக்கும் மணல்வெளிகளையும், லாலாங் புல் மண்டிய மேடுகளையும் கண்டாலே போதும்.

அம்மணல் இயற்கையாய் வந்ததன்று. 1883ஆம் ஆண்டிலேயே மலாயா உலகின் முதன்மையான ஈய நாடாயிற்று. பின்னர் அப்பெருமையைத் தாங்கி நின்றது கிந்தாப் பள்ளத்தாக்கு. ஈய லம்பம் என மக்கள் வழங்கிய சுரங்கங்களில் நீரைப் பீய்ச்சி மேட்டைக் கரைத்தனர். அச்சேற்றுக் குழம்பைப் பம்பினால் உயர ஏற்றி, பாலோங் எனும் நெடிய மரச்சரிவில் ஓடவிட்டனர். கனத்த ஈயமணி தங்கியது; மற்றவை ஓடின. களியும் வண்டலும் ஓரிடத்திற் படிந்தன. பருமணல் பிறிதோரிடத்திற் குவிந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக இலையுதிர்ந்து மக்கி உருவான மேல்மண் ஆற்றோடு போயிற்று. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. முதலாளிகள் புறப்பட்டனர், மணல் மட்டும் எஞ்சியது. தீபகற்ப மலேசியாவில் இவ்வாறு எஞ்சிய நிலம் ஏறத்தாழ 113,000 ஹெக்டேர் எனக் கணக்கிடப்பட்டது. அதன் பெரும்பகுதி பேராக், சிலாங்கூர் மாநிலங்களைச் சார்ந்தது.

இங்கு ஒரு விந்தையைக் கருதுதல் வேண்டும். ஈப்போ வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இராமநாதபுரத்து உழவர் கனவிலும் காணாத மழை இது. ஆயினும் அம்மணலில் நட்ட கன்று நீரின்றி வாடும். பெய்த நீர் நொடியில் கீழிறங்கிவிடும். பிடித்து வைக்கும் மக்கு அங்கில்லை. இட்ட உரமும் அந்நீரோடு கரைந்து போகும். நண்பகலில் வெறுங்காலுடன் அதன்மேல் நிற்க இயலாது. வானம் வறண்டால்தான் நிலம் வறளும் என எண்ணுவோர் இங்கு வந்து பாடம் கற்க வேண்டும். மண்ணில் உயிர் வற்றினால் மழைநாட்டிலும் பாலை தோன்றும்.

இந்நிலத்தைக் கண்டவுடன், “இது செத்த மண், வீடு கட்டுவதன்றி வேறெதற்கும் உதவாது” என்று சொல்லும் கூட்டம் ஒன்று எங்கும் உண்டு. கற்றவரும் சொல்கின்றனர், தமிழ் கற்றவரும் சொல்கின்றனர் என்பதே வருந்தத்தக்கது. ஐந்திணையை மனப்பாடம் செய்து தேர்வெழுதியவர், அத்திணை கூறும் உண்மையை மறந்தது எங்ஙனம்? நானிலம் வகுத்த தொல்காப்பியர் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது கொள்ளும் வடிவமே பாலை என்று இளங்கோவடிகள் தெளிவுறுத்தினார். இளங்கோ காட்டிய திரிபு கோடை வெயிலால் நேர்வது. கிந்தாவின் திரிபு மாந்தர் கையால் நேர்ந்தது. இரண்டிற்கும் பொதுவான உண்மை ஒன்றே. பாலை நிலத்தின் பிறவிக்குணம் அன்று. அதற்கு நேர்ந்த நிலை. நேர்ந்த நிலையை மாற்றுதலும் கூடும். இதனை உணராமல் கருப்பொருளையும் உரிப்பொருளையும் அடுக்கிச் சொல்வது கிளிப்பிள்ளைக் கல்வி.

மாற்றுதல் கூடும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. கோலாலம்பூரை அடுத்த கெப்போங்கில் 1920களில் கைவிடப்பட்ட ஈய நிலமும் காய்கறிக் கொல்லைகளுமாய்க் கிடந்த பகுதியில் காட்டு மரங்களை நட்டனர். 1929இல் அங்கே வன ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. இன்று ஐந்நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் அங்கு வானளாவிய காடு நிற்கிறது. மனிதர் கையால் மீட்ட அக்காட்டை 2025ஆம் ஆண்டு சூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. பேராக்கிலேயே பீடோரில் அந்நிறுவனம் ஈய மணலில் மரம் வளர்க்கும் ஆய்வு நிலையம் நடத்தி வருகிறது. புதுச்சேரிக்கு அருகே, மழைநீர் அரித்துப் பள்ளம் பறித்த செம்மண் மேட்டில் 1968இல் தொடங்கிய ஆரோவில், வரப்புக் கட்டி நீரைத் தேக்கி, மரம் நட்டுக் காட்டை மீட்டது. இவற்றில் மந்திரம் எதுவும் இல்லை. நீரை நிறுத்துதல், நிழல் தருதல், அவரையினச் செடிகளால் மண்ணுக்குத் தழைச்சத்து ஊட்டுதல், உதிர்ந்த இலையை எரிக்காமல் மக்கவிடுதல், காத்திருத்தல் ஆகிய ஐந்தே இதன் மறை. ஐந்தாவதுதான் பலருக்கு இயலாதது.

ஈய மணலுக்கு அடுத்த கேடு, கைவிடப்பட்ட தோட்ட மேடுகளில் மண்டும் லாலாங். இப்புல்லின் உயிர் மண்ணுக்கடியில் ஓடும் கிழங்குத் தண்டில் உள்ளது. தீயிட்டால் மேலே எரியும், கீழே தழைக்கும். தீ போட்டியிடும் செடிகளையே அழிக்கிறது. லாலாங்கிற்குத் தொண்டு செய்கிறது. ஆயினும் வறட்சி வந்தால் தீக்குச்சி கிழிப்போர் இன்றும் உளர். இப்புல் அஞ்சுவது நிழல் ஒன்றையே. கொடிகளாலோ மரங்களாலோ மூடினால் அது தானே மெலிந்து மறையும். பிலிப்பைன்சு நாட்டில் அதனைப் பலகையால் அழுத்திச் சாய்த்து, இடையில் தானாக முளைத்த கன்றுகளைக் காத்து மீண்டும் காடாக்குகின்றனர்.

இவ்வறிவில் தமிழரின் வியர்வை கலந்திருப்பதை எத்தனை பேர் அறிவர்? ரப்பர்த் தோட்டங்கள் தோன்றிய காலத்தில், மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இருத்தலாகாது என்பது துரைமாரின் சட்டம். தமிழ்த் தொழிலாளர் குனிந்து குனிந்து மண்ணை மொட்டையடித்தனர். மழை அம்மண்ணை வாரிச் சென்றது. லாலாங்கை ஒழிக்க ஆர்சனிக் நஞ்சையும் தெளிக்கச் செய்தனர். 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. நாளடைவில் துரைமாரே தம் பிழையை உணர்ந்து, பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலோபோகோனியம் முதலிய மூடுபயிர்க் கொடிகளை வளர்க்கலாயினர். மண்ணை மொட்டையடித்த அதே கைகள் அக்கொடிகளையும் நட்டன. அப்பாடம் தோட்ட நிருவாகத்தின் ஏட்டில் ஏறியது. நட்டவரின் பிள்ளைகள் படித்த புத்தகத்தில் ஏறவில்லை.

இவ்விடத்தில் எதிர்ப்பொன்று எழும். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. “மூன்று தலைமுறை மண்ணைக் கிளறியும் ஒரு சாண் நிலம் பெறாத இனம் இது. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் லயத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவர் இவர். மருந்தடித்தே உடல் கெட்ட தாய்மார் பலர். அவர்கள் சுமந்து தெளித்த பாராகுவாட் நஞ்சு 2020 சனவரியில்தானே முற்றாகத் தடைசெய்யப்பட்டது? அத்தகையோரின் பிள்ளையை மீண்டும் மண்வெட்டி பிடிக்கச் சொல்வதா?” என்று கேட்பர்.

கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் விடை வேறு. கொடுமை செய்தது மண்ணன்று; மண்ணின்மீது உரிமை இன்மையே கொடுமை செய்தது. இதனைத் தெளிவாக உணர்ந்தவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட அக்காலத்தில், 1960இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின்வழித் தொழிலாளரிடமிருந்தே சிறுசிறு தொகை திரட்டித் தோட்டங்களை வாங்கச் செய்தார். “மண்ணைவிட்டு ஓடுங்கள்” என்று அவர் கூறவில்லை. மண்ணுக்கு உடையவராகுங்கள் என்பதே அவர் செயல் உரைத்த பாடம். மேலும், பிள்ளைகள் அனைவரும் உழவராக வேண்டும் என இங்கு யாரும் கோரவில்லை. மண்ணியலாளராகவும், நில அளவையாளராகவும், நிலச் சட்டம் அறிந்த வழக்கறிஞராகவும் ஆகலாமே! மண்ணை இழிவாகக் கருதும் பிள்ளை இவற்றுள் எதையும் நாடமாட்டான்.

உரிமையின்றி மண் திருந்தாது என்பதற்குக் கிந்தாவே சான்று. ஈயக் குட்டைகளின் கரையில் கோழியெருவும் சுட்டமண்ணும் இட்டு, மணலைக் கீரைப்பாத்தியாக்கியவர் சீன உழவர். பலரும் பட்டா இல்லாமலோ, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்திலோ பயிரிட்டனர். எருவின் பயன் பத்தாண்டில் தெரியும். உரிமம் ஓராண்டில் முடியும். நாளை இயந்திரம் வரும் என்று அஞ்சுபவர் மரம் நடுவாரா? 2023 அக்டோபரில் செம்மோரை அடுத்த கந்தானில், பல பத்தாண்டுகளாகப் பயிரிடப்பட்ட காய்கறித் தோட்டங்கள் இயந்திரங்களால் அழிக்கப்பட்டன. பல்லாயிரங்கோடி வெள்ளிக்கு உணவை இறக்குமதி செய்யும் நாட்டில், விளைந்த காயை மண்ணோடு புதைப்பதை வளர்ச்சி என்பதா? கெட்ட நிலத்தைத் திருத்தியவருக்கு நெடுங்காலக் குத்தகை வழங்குவதே முறை. திருத்தியபின் விலை ஏறிவிட்டது என்று பறிப்பது அறமன்று.

இன்னொரு பிழையும் கடியத்தக்கது. மூட்டை மூட்டையாக இரசாயன உரம் கொட்டினால் மணல் திருந்திவிடும் என நம்புவோர் உளர். மக்கில்லாத மணலில் இட்ட உரம் ஓட்டைக் குடத்தில் வார்த்த நீர். உழுதலினும் எருவிடுதல் நன்று என வள்ளுவர் உழவதிகாரத்தில் முறை வகுத்தது இதனாலன்றோ? அதே வேளையில், ஆர்வமிகுதியால் எந்த மணலிலும் கீரை விதைப்பதும் தவறு. சில சுரங்க நிலங்களில் ஆர்சனிக், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் தங்கியிருக்கக்கூடும். முதலில் மண்ணாய்வு; ஐயமிருப்பின் அங்கு மரமே தகும், உணவுப்பயிர் ஆகாது.

ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் உள்ளன. அவற்றுட் பல தோட்ட மண்ணிலேயே பிறந்தவை. பரிசளிப்பு விழாவில் உழவின் பெருமை பேசிக் கைதட்டல் வாங்கும் ஆசிரியர் பெருமக்கள், பள்ளிப் பின்புறத்தில் பத்தடிக்குப் பத்தடி நிலம் ஒதுக்கினால் என்ன? ஒருபாதி மணலை அவ்வாறே விடுக. மறுபாதியில் மூடுபயிரும் இலைச்சருகும் இடுக. மழைக்குப்பின் எது எவ்வளவு நேரம் ஈரம் காக்கிறது என மாணவர் அளந்து எழுதட்டும். ஆறாம் ஆண்டு மாணவர் தொடங்கியதை முதலாம் ஆண்டு மாணவர் தொடரட்டும். அறிவியலும் கணக்கும் கட்டுரையும் ஒருங்கே அங்கு விளையும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கவும் வேண்டா.

தேர்வுத்தாளில் “பாலை என்பது யாது?” என்னும் வினாவிற்கு மாணவர் விடை எழுதுவர், மதிப்பெண்ணும் பெறுவர். பாலையை ஆக்கியவர் யார், அதனை மீண்டும் முல்லையாக்குபவர் யார் என்னும் வினாக்களை எத்தேர்வும் கேட்பதில்லை. தஞ்சோங் ரம்புத்தானிலும் அதன் அண்டை ஊர்களிலும் தமிழ் பயிற்றும் ஆசிரியர், அவ்விரு வினாக்களையும் வகுப்பறையிற் கேட்டுவிட்டு, மாணவரைப் பள்ளியின் பின்புறத்திற்கு அழைத்துச் செல்வாராக.