பறப்பது வரத்தினாலா? பயிற்சியினாலா?

சர்க்கஸ் பார்த்துவிட்டு வெளியில் வரும் ஜனங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்லுவார்கள். ஒன்று, "இதெல்லாம் பிறவியிலேயே வரவேண்டும், நமக்கெல்லாம் வருமா?" என்பது. மற்றொன்று, "ஆண்டவன் அருள் இல்லாமல் இப்படிப் பறக்க முடியுமா?" என்பது. ஆடினவன் தவறி விழுந்து இடுப்பொடிந்து போனாலோ மூன்றாவதாக ஒன்றும் சொல்லுவார்கள். அதாவது, "அவன் தலையெழுத்து" என்பது. ஆக, பறந்தாலும் காரணம் மேலே இருக்கின்றது. விழுந்தாலும் காரணம் மேலேதான் இருக்கின்றது. அந்த மனிதன் எத்தனை வருஷம் எப்படிப் பழகினான், அவன் காலின் கீழ் இருந்த கருவி என்ன, தரையில் மெத்தை போட்டிருந்தார்களா, இல்லையா என்கின்ற கேள்வியை மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்ப்பதே இந்த வியாசத்தின் நோக்கம்.

"ரஷ்யன் பார்" என்று ஒரு சர்க்கஸ் வித்தை இருக்கின்றது. இரண்டு பேர் ஒரு நீண்ட சட்டத்தின் இரு முனைகளையும் தோளில் தாங்கி நிற்கின்றார்கள். எடை குறைந்த ஒருவர் அதன் நடுவில் ஏறி நிற்கின்றார். தாங்குகின்றவர்கள் முழங்காலை மடக்கி உந்தினவுடன் சட்டம் வில்லைப் போல் வளைந்து நிமிருகின்றது. மேலே நின்றவர் ஆகாயத்தில் எறியப்பட்டு, இரண்டு கரணம், சில சமயம் மூன்று கரணம்கூடப் போட்டு, மறுபடியும் அதே சட்டத்தின் மேல் காலூன்றி நிற்கின்றார். சட்டத்தின் நீளம் சுமார் 4 முதல் 5 மீட்டர்; அகலமோ ஒரு சாண்கூட இல்லை. இதைப் பார்க்கின்றவர்கள் வாயைப் பிளப்பதில் அதிசயமில்லை.

ஆனால் அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? அது எந்த ரிஷியும் கொடுத்த தண்டமல்ல. விளையாட்டுப் பந்தயத்தில் கோலூன்றித் தாண்டுகின்றவர்கள் பிடிக்கும் கண்ணாடியிழைக் கழிகள் மூன்றைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டினால், ரஷ்யன் பார் ஆகிவிடுகின்றது. அதன்மேல் போடும் கரணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் டிராம்போலினில் பழகியதாகும். ஆகவே ஒரு விளையாட்டின் கருவியும், மற்றொரு விளையாட்டின் பழக்கமும் சேர்ந்ததே இந்த "அற்புதம்". இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் இரகசியம் ஒன்றுமே மிஞ்சாது.

முதலில் கோலூன்றித் தாண்டுவதை எடுத்துக் கொள்ளுவோம். ஆதியில் கனமான மரக்கழியும் பிறகு மூங்கிலும் உபயோகிக்கப்பட்டன. 1940-ல் அமெரிக்காவில் கார்னீலியஸ் வார்மர்டாம் என்பவர் மூங்கிற் கழியைக் கொண்டே முதன் முதலாக 15 அடி உயரத்தைத் தாண்டினார். பிறகு கண்ணாடியிழைக் கழி வந்தது. 2025-ல் தோக்கியோவில் சுவீடன் தேசத்து ஆர்மண்ட் டுப்ளாண்டிஸ் 6.30 மீட்டர் தாண்டினார். மனிதனுடைய கால் 85 வருஷத்தில் நீண்டுவிட்டதா? கடவுள்தான் சுவீடன் பக்கம் சாய்ந்துவிட்டாரா? இல்லவே இல்லை. கழி மாறிற்று, பழக்கும் முறை மாறிற்று, கணக்குத் தெரிந்தது.

அந்தக் கணக்கும் கடினமானதல்ல. ஒருவன் விநாடிக்கு 9.5 மீட்டர் வேகத்தில் ஓடி வருகின்றான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஓட்டம் முழுவதும் உயரமாக மாறினால் அவனுக்கு 4.6 மீட்டர் கிடைக்கும். நிற்கின்ற மனிதனுடைய எடையின் நடு இடம் முன்னமேயே தரைக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கின்றது. மீதியைக் கையும் தோளும் வயிறும் இழுத்தும் தள்ளியும் சேர்த்துக் கொடுக்கின்றன. கழியின் வேலை, ஓட்டத்தை வாங்கித் தனக்குள் வளைவாக வைத்திருந்து உயரமாகத் திருப்பிக் கொடுப்பதுதான். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கும் நாணயம் கண்ணாடியிழைக்கு இருக்கின்றது. அதனால்தான் சர்க்கஸ்காரர்கள் அதைத் தேடிப் பிடித்தார்கள்.

டிராம்போலினுடைய சரித்திரமோ இதைவிட வேடிக்கையானது. அமெரிக்காவில் அயோவா மாகாணத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நிசன் என்னும் வாலிபர் ஒரு சர்க்கஸைப் பார்த்தார். ஊஞ்சலில் ஆடி முடித்தவர்கள் கீழே கட்டியிருந்த வலையில் குதித்து எம்பி எழுவதைக் கண்டார். மற்றவர்கள் கை தட்டிவிட்டுப் போனார்கள், அவர் மாத்திரம் "அந்த எம்பலை நிறுத்தாமல் தொடர்ந்தால் என்ன?" என்று யோசித்தார். 1934-ல் தம்முடைய பயிற்சியாளரான லாரி கிரிஸ்வால்ட் என்பவரோடு சேர்ந்து, இரும்புச் சட்டத்தில் சுருள்வில் மாட்டித் துணியை இழுத்துக் கட்டிய கருவியைச் செய்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் விமானிகளுக்கு அதில் பயிற்சி கொடுத்தார்கள். 1964-ல் லண்டனில் அதற்கு உலகப் பந்தயம் நடந்தது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் அது இடம் பெற்றது. சர்க்கஸ் வலையில் பிறந்தது விளையாட்டு மைதானத்துக்குப் போய்ச் சாஸ்திரம் கற்றுக்கொண்டு மறுபடியும் சர்க்கஸுக்கே திரும்பி வந்திருக்கின்றது.

அந்தக் கிரிஸ்வால்டே பிற்காலத்தில் கோமாளியாக மேடையேறினார். டிராம்போலினுக்கு மேலே ஒரு குதிபலகையைக் கட்டி, குதிக்கத் தெரியாதவரைப் போல் தடுமாறி விழுந்தும் எழுந்தும் ஜனங்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். தெரியாதவனைப் போல் விழுவதற்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்க, விளையாட்டு வீரர் ஒருவர் நேற்று மைதானத்திலிருந்து வந்து இன்று கூடாரத்தில் ஆடிவிடலாம் என்று நாம் சொல்லவரவில்லை. கற்றதில் சிலவற்றை வைத்துக்கொண்டு சிலவற்றை மறக்க வேண்டியிருக்கின்றது. கோலூன்றித் தாண்டுகின்றவர் கழியை மேலேயே விட்டுவிட்டு மெத்தையில் மல்லாந்து விழுகின்றவர். ரஷ்யன் பாரிலோ புறப்பட்ட இடத்துக்கே காலால் திரும்பி வரவேண்டும். ஆதலால் அவர் தலைகீழாக இருக்கும்போது தைரியசாலி, இறங்கும்போது மாணாக்கன்.

டிராம்போலின் பழகினவருக்கு வேறு விதமான தொல்லை. அவருக்குக் கரணமும் திருகலும் தெரியும். ஆகாயத்தில் சுழலும்போதே தரை எங்கே என்று கண்ணால் பிடிக்கவும் தெரியும். ஆனால் அவர் பழகின துணி சுமார் 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ளது. அதில் அரை மீட்டர் விலகி விழுந்தால் மார்க்குத்தான் குறையும். சட்டத்தில் அரைச் சாண் விலகினால் கால் தரைக்குப் போய்விடும். மேலும் துணியில் தம்முடைய காலால் தாமே உதைத்து எழுந்து பழகினவர், இங்கே உடம்பைக் கம்பு போல் விறைப்பாக வைத்துக்கொண்டு, தாங்குகின்றவர்கள் எறியும் வரையில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு கணம் முந்தினால் கோணலாகத்தான் போவார். ஆகவேதான் முதலில் கரணமே இல்லாமல் நேராக எம்பி நேராக இறங்குவதை நூற்றுக்கணக்கான தடவை பழக்குகின்றார்கள். இடுப்பில் வார் கட்டி, உருளையில் கயிறு விட்டு, ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க, அதன் பிறகே கரணம் வருகின்றது.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஜனங்களுடைய கை தட்டலெல்லாம் மேலே பறக்கின்றவருக்குத்தான். ஆனால் அவர் இறங்கும்போது, அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் முன்னும் பின்னும் நகர்ந்து சட்டத்தை அவருடைய காலடியில் கொண்டுபோய் வைக்கின்றவர்கள் கீழே நிற்கும் இருவர்தான். அவர்கள் ஒரு நொடி அசட்டையாக இருந்தால் மேலே இருப்பவருடைய திறமை எதற்கும் உதவாது. தாங்குகின்றவன் இல்லாமல் உயர்ந்தவன் இல்லை என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்ச சாட்சி வேறு என்ன வேண்டும்?

இனி விழுவதைப் பற்றிப் பேசுவோம். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்றவன் மணிக்கு சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் தரைக்கு வருகின்றான். அவனை 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், அவனுடைய எடையைப் போல் சுமார் நூறு மடங்கு பலம் எலும்பைத் தாக்கும். தடித்த மெத்தை அரை மீட்டர் அமுங்கி அவனை நிறுத்தினால் சுமார் பத்து மடங்குதான். நூறுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் பெயர் தலையெழுத்தா, மெத்தையா?

2002-ல் அமெரிக்காவில் கோலூன்றித் தாண்டிய கல்லூரி மாணவர் ஒருவர், மெத்தையில் விழாமல் கழி ஊன்றும் குழியின் பக்கம் தலைகீழாக விழுந்து இறந்து போனார். அதற்கடுத்து அந்நாட்டுப் பள்ளிப் பந்தயங்களில் மெத்தையின் அளவைப் பெரிதாக்கினார்கள். 2013-ல் லாஸ் வேகாஸ் நகரில் பெரிய சர்க்கஸ் கம்பெனி ஒன்றின் ஆட்டத்தில் கம்பி அறுந்து ஒரு பெண் கலைஞர் விழுந்து மாண்டார். கம்பி எப்படி அறுந்தது என்று அரசாங்கத்தார் விசாரித்தார்கள். ஜாதகத்தைப் புரட்டினால் அடுத்தவனும் விழுவான். கம்பியைச் சோதித்தால் அடுத்தவன் பிழைப்பான்.

கடைசியாக, இந்த விஷயம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் தெருக்களில் மூங்கில் நட்டுக் கயிறு கட்டி ஆடிய கழைக்கூத்தாடிகள் யார்? பள்ளிக்கூடத்தையே காணாத குழந்தையை அந்தரத்தில் நிறுத்தி, கீழே ஒரு சாக்குக்கூட விரிக்காமல், "அது அவர்கள் குலத் தொழில்" என்று சொல்லிக் காலணா எறிந்துவிட்டுப் போனவர்கள் நாமல்லவா? குலத்தில் பிறந்தால் எலும்பு ஒடியாதா? சர்க்கஸிலும் வெகு காலமாக ஏழைக் குழந்தைகளைச் சிறு வயதிலேயே கொண்டுவந்து வளைத்தார்கள். "சின்னதில் வளைத்தால்தான் வளையும்" என்பது அதற்குச் சொன்ன சமாதானம். 2011-ல் இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டு குழந்தைகளைச் சர்க்கஸில் வேலைக்கு வைப்பதைத் தடுக்க உத்தரவிட்டது. அப்போது "இனி சர்க்கஸ் ஒழிந்தது" என்று அழுதவர்களும் உண்டு.

அந்த அழுகைக்குப் பதில்தான் நாம் மேலே சொன்னது. 1984-ல் கனடாவில் ஏற்பட்ட "சிர்க் து சொலேய்" என்னும் கம்பெனி, பந்தயங்களில் ஆடிப் பழகின ஜிம்னாஸ்டிக் வீரர்களையும் டிராம்போலின் வீரர்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்து ஆட வைத்திருக்கின்றது. வளர்ந்தவர்கள், படித்தவர்கள், தாமாகச் சம்மதித்துச் சம்பளம் பேசி வருகின்றவர்கள் ஆடினால் சர்க்கஸ் ஒழியாது. குழந்தைகளுடைய கண்ணீர்தான் ஒழியும். நம் நாட்டிலும் கல்லூரி மைதானங்களில் கோலூன்றித் தாண்டுகின்றவர்கள் இருக்கின்றார்கள். ஜிம்னாஸ்டிக் பழகுகின்றவர்கள் இருக்கின்றார்கள். பந்தய வயது கடந்ததும் அவர்கள் கற்ற வித்தை மூலையில் கிடந்து துருப்பிடிக்க வேண்டுமா? கூடாரத்துக்கு வழி காட்டினால் அவர்களுக்குப் பிழைப்பும் ஜனங்களுக்கு நல்ல வேடிக்கையும் கிடைக்கும்.

ஆகையால், அடுத்த தடவை டிக்கட்டு வாங்கும் தோழர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். ஆடுகின்றவர் வயது வந்தவரா? கீழே மெத்தையும் வலையும் உண்டா? கயிற்றையும் கம்பியையும் இன்று யாராவது சோதித்தார்களா? மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்தால் மனதாரக் கை தட்டுங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் காசை மடியிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.