துப்பாக்கிக்கு மாற்று எது?

மந்திரவாதிகளும் அரக்கர்களும் நெருப்பைக் கக்கும் பறவை நாகங்களும் வாழும் ஒரு கற்பனை நாட்டிலே துப்பாக்கிக்கு இடம் உண்டா? இல்லையென்றால் அதன் இடத்தில் எதை வைப்பது? இது என்ன வேலையற்ற கேள்வி என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் மழைக்கால மாலைகளில் மேசையைச் சுற்றி அமர்ந்து கதை விளையாட்டு ஆடும் மாணவியர் நடுவில் இது பெரிய வழக்காகவே நடந்து வருகிறது. இரு தரப்பு வாதங்களையும் கேட்டபின் எனக்கென்று ஒரு கருத்து உண்டாகியிருக்கிறது. அதை இவ்வாண்டு மலரில் எழுத விரும்புகிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். தாயம் போலவோ சதுரங்கம் போலவோ இதற்குக் கட்டம் போட்ட பலகை கட்டாயமில்லை. ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் தட்டுகிறேன்", "நான் அந்தக் கிழவியிடம் வழி கேட்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். காரியம் கைகூடுமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். காகிதம், பென்சில், பகடை, நான்கு தோழிகள், அவ்வளவே செலவு. இதற்குப் பிறகு இதே வழியில் எத்தனையோ விளையாட்டுகள் தோன்றிவிட்டன.

இவ்விளையாட்டுகள் பலவற்றிலும் வாளும் வில்லும் உண்டு. துப்பாக்கி இருப்பது அரிது. கைகாக்ஸ் தம்முடைய கற்பனை உலகில் வெடிமருந்துக்கு இடம் கொடுக்க விரும்பவில்லை. (டான் கே என்ற நண்பரின் பாத்திரத்துக்கு மட்டும் இரண்டு கைத்துப்பாக்கிகள் வைத்துக்கொள்ளச் சலுகை கிடைத்தது. நட்பு சட்டத்தைவிடப் பெரியது போலும்!) இந்தத் தயக்கத்தின் வேரைத் தேடினால் டோல்கீனிடம் போய்ச் சேரலாம். அவர் கத்தோலிக்கர், 1916இல் சோம் போர்க்களத்தின் அகழிகளில் இருந்து, பீரங்கி செய்யும் வேலையை நேரில் கண்டவர். 1954இல் வெளிவரத் தொடங்கிய அவரது பெருங்கதையில், கோட்டை மதிலைத் தகர்க்கும் வெடி தீய மந்திரவாதியின் பட்டறையிலிருந்து வருகிறது. நல்ல மந்திரவாதியிடமும் வெடி உண்டு. ஆனால் அது குழந்தைகள் கண்டு களிக்கும் வாண வேடிக்கை.

வெடிமருந்தை விலக்கிய பிறகு வருவதுதான் வேடிக்கை. வாசல் வழியே வெளியேற்றிய துப்பாக்கி கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறது. 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்ற கற்பனை உலகில் வெடிமருந்துக்குப் பதில் 'புகைப்பொடி' என்ற மந்திரப் பொடி இருக்கிறது. அதைக் குழலில் இட்டு நெருப்பு வைத்தால் குண்டு பாய்கிறது. பெயரை மாற்றியதைத் தவிர என்ன செய்தார்கள்? 2004இல் வெளிவந்த 'எபெரான்' உலகை ஆக்கிய கீத் பேக்கர் இன்னும் சற்றுச் சிந்தித்திருக்கிறார். அங்கே மந்திரம் தொழிற்சாலைச் சரக்கைப் போல் பரவியிருப்பதால், போர்வீரன் இடுப்பில் துப்பாக்கிக்குப் பதில் மந்திரக்கோலைச் செருகிக்கொள்கிறான். அந்தச் சமுதாயத்தைப் பற்றிப் படிக்கச் சுவையாகவே இருக்கிறது. ஆயினும் மேசையில் ஆடும்போது கோலை நீட்டுவதும் துப்பாக்கியை நீட்டுவதும் ஒன்றாகவே முடிகின்றன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நெருப்பை எறியும் ஒரு சிறு மந்திரம் உண்டு. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் எறியலாம். தீர்ந்துபோகாது, நனையாது, கை வலிக்காது. உண்மையான துப்பாக்கிக்குக்கூட இவ்வளவு வசதி கிடையாது!

என் வழக்கு இதுதான். துப்பாக்கிக்கு மாற்று தேடுகிறவர்கள் சத்தத்தையும் புகையையும் மட்டும் மாற்றினால் போதாது. ஆயுதம் எந்த உழைப்பைக் கேட்கிறது, யார் கையில் அது இருக்கும், எப்போது அது கைவிடும் என்ற மூன்றும் கதைக்குள் வரவேண்டும். இவை வராத ஆயுதத்தை வைத்து ஆடும்போது, எதிரே நிற்பவனை வீழ்த்துவது விளக்கின் பொத்தானை அழுத்துவதுபோல் ஆகிவிடுகிறது. பத்தாம் முறை அழுத்தும்போது ஆடுகிறவள் பகடையைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை.

வரலாற்றில் இதற்கு அருமையான பொருள்கள் கிடக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது காற்றுத் துப்பாக்கி. திருவிழாக் கடைத்தெருவில் பலூன் சுடுவதற்கு வைத்திருக்கிறார்களே, அதன் பாட்டனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைரோல் மலைநாட்டைச் சேர்ந்த பார்த்தொலொமேயோ ஜிரான்டோனி என்பவர் அமைத்த இத்துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780ஆம் ஆண்டளவில் ஏற்றுக்கொண்டது. தோளில் சாய்த்துக்கொள்ளும் அடிப்பாகமே இரும்புத் தகட்டாலான காற்றுக் கலம். குழலின் பக்கத்தில் உள்ள மற்றொரு சிறு குழாயில் ஏறக்குறைய இருபது ஈயக் குண்டுகள் வரிசையாக நிற்கும். துப்பாக்கியைச் சற்று நிமிர்த்தி ஒரு கட்டையைத் தள்ளினால் அடுத்த குண்டு வந்து பொருந்தும். மற்றப் படைவீரர்கள் ஒரு முறை சுட்டுவிட்டு, மருந்தைக் கொட்டி, குண்டை இடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இவன் அத்தனை குண்டுகளையும் சுட்டுத் தீர்த்துவிடலாம். புகை இல்லை, தீப்பொறி இல்லை, மழையானாலும் கவலை இல்லை.

ஆகா, எவ்வளவு வசதி என்று தோன்றுகிறதல்லவா? இப்போது அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். காலியான கலத்தை நிரப்பக் கையால் சுமார் ஆயிரத்து ஐந்நூறு முறை பம்ப் அடிக்க வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடித்து மூச்சு வாங்கியவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். தோல் அடைப்புகள் காய்ந்தால் காற்றுக் கசியும். கலத்தில் ஓர் ஓட்டை விழுந்தால் ஊர்க் கொல்லனால் அதைச் சரிசெய்ய முடியாது. அதற்கென்று பழகிய கைவினைஞன் வேண்டும். காற்றுக் குறையக் குறைய ஒவ்வொரு குண்டும் முந்தியதைவிடத் தளர்ந்து செல்லும். இக்காரணங்களால் 1815க்குள் ஆஸ்திரியப் படை அதைக் கைவிட்டுவிட்டது. 1803 முதல் 1806 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் பயணம் சென்ற லூயிஸ், கிளார்க் குழுவினரும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுசென்றனர். அது இவ்வகையைச் சேர்ந்ததே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். வழியில் சந்தித்த பூர்வகுடி மக்களுக்கு முன்னே அதை அடிக்கடி சுட்டுக் காட்டினார்கள். மருந்தும் நெருப்பும் இல்லாமல் சுடுவதைக் கண்டவர்கள் வியந்தார்கள். போர்க்கருவி என்பதைவிட வியக்கவைக்கும் பொருளாகவே அது அவர்களுக்குப் பயன்பட்டது. இப்படிப்பட்ட ஒன்றைத் தோழிகள் நால்வருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று கொடுத்துப் பாருங்கள். இரவு முழுவதும் யார் பம்ப் அடிப்பது என்பதிலேயே அரைமணி நேரக் கதை நடக்கும்.

இன்னொன்று கிரேக்க நெருப்பு. ஏழாம் நூற்றாண்டில் சிரியாவிலிருந்து தப்பி வந்த கல்லினிக்கோஸ் என்பவர் கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்தாருக்கு அதைச் செய்து கொடுத்தார் என்பர். கப்பலில் பொருத்திய குழாய் வழியே பீறிட்டு, தண்ணீரின் மேலும் எரிந்த திரவம் அது. அதன் செய்முறையை மிகச் சிலரே அறிந்திருந்தார்கள். அவர்களோடு அதுவும் மறைந்துபோயிற்று. எவற்றைக் கலந்தார்கள் என்று இன்றுவரை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பத்தாம் நூற்றாண்டில் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தம் மகனுக்கு எழுதிய அறிவுரை நூலில், அந்நிய நாட்டார் இந்த நெருப்பைக் கேட்டால், இது வானதூதர் ஒருவர் வழியாகக் கடவுள் வெளிப்படுத்தியது, பிறருக்குக் கொடுக்கத் தடையுள்ளது என்று பதில் சொல்லும்படி சொல்லிக்கொடுக்கிறார். வானதூதரின் பெயரை இதற்கா இழுப்பது என்று எனக்கு வருத்தமே. ஆனால் கதைக்கு எவ்வளவு நல்ல விதை! அந்தச் செய்முறையை அறிந்த கடைசிக் கிழவர் ஒருவர், அதைச் சொல்லிவிட்டுச் சாவதா, சொல்லாமலே சாவதா என்று தவிக்கிறார். அவரைத் தேடிப்போகும் தோழியர் குழுவுக்கு ஒரு வாளும் தேவைப்படாது.

ஆர்க்கிமிடீஸ் கண்ணாடிகளால் சூரிய ஒளியைக் குவித்து ரோமானியக் கப்பல்களை எரித்தார் என்ற பழங்கதையை அறிவியல் பாடத்தில் கேட்டிருப்பீர்கள். 2005இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 127 கண்ணாடிகளை வைத்து, சுமார் நூறு அடிக்கு அப்பால் அசையாமல் நின்ற ஒரு மரக் கப்பல் மாதிரியில் தீ மூட்டிக் காட்டினார்கள். மேகம் வந்தால் காத்திருக்க வேண்டும்; எதிரியின் கப்பல் நகராமல் நிற்கவும் வேண்டும். போருக்கு உதவாத ஆயுதம். விளையாட்டுக்கு மிகப் பொருத்தமான ஆயுதம்.

குறுக்குவில்லைப் பற்றி நம் திருச்சபை வரலாற்றிலேயே செய்தி உண்டு. பாப்பரசர் இரண்டாம் இன்னசென்ட் 1139இல் கூட்டிய இரண்டாம் இலாத்தரன் பொதுச்சங்கம், கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் குறுக்குவில்லையும் வில்லையும் பயன்படுத்துவதைத் தடை செய்தது. (மற்றவர்களைப் பற்றி அந்தத் தடை ஒன்றும் சொல்லாதது மனத்தை உறுத்துகிறது.) தடையை அரசர்கள் மதிக்கவில்லை. இங்கிலாந்தின் அரசர் முதலாம் ரிச்சர்டு குறுக்குவில்லில் பிரியம் வைத்தவர். 1199இல் பிரான்சு நாட்டில் ஒரு சிறு கோட்டையை முற்றுகையிட்டபோது, மதில் மேலிருந்து வந்த குறுக்குவில் அம்பு அவர் தோளில் தைத்து, அப்புண்ணாலேயே அவர் மாண்டார். எய்தவனை மரணப் படுக்கையில் மன்னித்து, பணமும் கொடுத்து விடுதலை செய்யச் சொன்னார் என்றும், அரசர் இறந்தபின் அவருடைய ஆட்கள் அவனைக் கொடுமையாகக் கொன்றனர் என்றும் அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

இங்கேதான் என் தோழியரின் வலுவான வாதம் வருகிறது. நெடுவில்லை வளைக்கச் சிறு வயது முதல் ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்டு 1363இல் விழா நாட்களில் ஆண்கள் வில் பழக வேண்டுமென்று ஆணையே போட்டார். குறுக்குவில்லை எய்யச் சில வாரப் பழக்கம் போதும். அதனால்தான் கவசம் பூண்ட பிரபுக்கள் அதை வெறுத்தார்கள். அதுபோல, மெலிந்த கையுள்ள பெண்ணையும் பலசாலிக்குச் சமமாக்குவது துப்பாக்கிதானே, அதை ஏன் விலக்குகிறாய் என்று அவர்கள் கேட்கிறார்கள். இதை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. கற்பனை உலகிலும் வலுத்தவனே ஆளவேண்டுமென்றால் பெண் பிள்ளைகள் அங்கே போய் என்ன பயன்? ஆயினும், எளியவளுக்குக் கிடைக்கும் கருவி கொடியவனுக்கும் அதே விலைக்குக் கிடைக்கிறது. சமம் நெடுநாள் நிற்பதில்லை. தாவீதின் கவணைப் பாருங்கள். ஓடையில் பொறுக்கிய ஐந்து கூழாங்கற்களுக்கு விலையே இல்லை. ஆனால் ஆட்டு மந்தையைக் காத்த நாட்களெல்லாம் அந்தக் கைக்குள் இருந்தன. ஏழைக்கும் எட்டும், ஆனால் பழகாதவனுக்கு எட்டாது. நான் கதை நடத்தும் நாளில் எளியவர் கையில் கவணைத்தான் கொடுப்பேன்.

ஆயுதமே இல்லாமல் ஆடக்கூடாதா என்று அருட்சகோதரியர் கேட்பது காதில் விழுகிறது. ஆடலாம். பேசித் தீர்க்கவும், ஓடித் தப்பவும், மன்னிக்கவும் விதிகளில் தடையேதும் இல்லை. ஆனால் ஆபத்தே இல்லாத கதையில் மன்னிப்புக்கும் எடை இராது. ரிச்சர்டின் தோளில் அம்பு தைத்திராவிட்டால் அவர் மன்னிக்க என்ன இருந்திருக்கும்?

இவ்வளவு சொல்லியும், வெடிமருந்தே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் குழு இருக்கத்தான் செய்யும். 2024இல் வந்த புதிய பதிப்பின் ஆயுதப் பட்டியலிலேயே இரண்டு வகைத் துப்பாக்கிகளைச் சேர்த்துவிட்டார்கள். அப்படியானால் மெய்யான வெடிமருந்தையே கொண்டுவாருங்கள் என்பேன். 1460இல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் தம்முடைய பீரங்கி வெடித்தே இறந்தார். பீரங்கிக்காரர்கள் புனித பார்பராவைத் தங்கள் பாதுகாவலியாக வைத்துக்கொண்டதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. திடீர் மரணத்துக்கு எதிராக மன்றாடப்படும் புனிதை அவர். தாம் பற்றவைக்கும் பீரங்கி எதிரியைக் கொல்லுமா, தம்மைக் கொல்லுமா என்று அறியாதவர்கள் வேறு யாரிடம் போவார்கள்? நனைந்தால் எரியாத மருந்து, ஒரு குண்டு சுட்டதும் கண்ணை மறைக்கும் புகை, பகடையில் ஒன்று விழுந்தால் கையோடு வெடிக்கும் குழல், டிசம்பர் 4ஆம் நாள் அதைத் தொடமாட்டேன் என்று ஒதுங்கி நிற்கும் ஒரு பீரங்கிக்காரி. இத்தனையும் சேர்த்து யாராவது கதை நடத்தினால், நானும் ஒரு பாத்திரத்தை எழுதிக்கொண்டு அந்த மேசையில் வந்து உட்காருவேன்.