தப்பும் தவறுமாக ஒரு ஜோக்

2003 ஏப்ரல் முதல் தேதி. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஸ்டர்கிஸ் என்ற சிற்றூரில் ஆங்காங்கே தட்டிகள் முளைத்திருந்தன. "உன் தளம் எல்லாம் எங்களுக்குச் சொந்தம் இருக்கிறார்கள்" என்கிற ரீதியில் தப்புத் தப்பான இங்கிலீஷ். பிழைக்க வழியில்லை என்ற மிரட்டல் வேறு. இராக் போர் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகாத நேரம். ஊர் பதறியது. வைத்தவர்கள் 17 முதல் 20 வயது வரையிலான ஏழு பேர். ஏப்ரல் ஃபூல் விளையாட்டாம். போலீஸ் சிரிக்கவில்லை.

விஷயம் தெரிந்தவர்களுக்கு அது விளையாட்டுதான். ஜப்பானின் டோப்ளான் நிறுவனம் தயாரித்த 'ஜீரோ விங்' என்ற விண்வெளிச் சண்டை வீடியோ கேமில் வில்லன் பேசும் வசனம் அது. ஜப்பானிய மூலத்தில் ஆசாமி தெளிவாகத்தான் பேசுகிறார்: அரசுப் படையின் ஒத்துழைப்போடு உங்கள் தளங்களை எல்லாம் எடுத்துக்கொண்டோம் என்று. ஐரோப்பியப் பதிப்புக்காக மொழிபெயர்த்த புண்ணியவான் கையில் எழுவாயும் பயனிலையும் ஆளுக்கொரு திசையில் பறந்தன. அந்த அரசுப் படையின் துரோகம்தான் கதையின் முடிச்சு. அதைக் கவனிக்க யாருக்கு நேரம்?

2001 வாக்கில் கேம் பிரியர்கள் இந்த வாக்கியத்தை இன்டர்நெட் முழுக்கப் பரப்பினார்கள். ஒருவர் பாதி சொன்னால் இன்னொருவர் முடிப்பார். கோஷ்டியில் சேர அதுதான் அனுமதிச்சீட்டு. 2006 ஜூனில் யூடியூப் பராமரிப்புக்காக மூடப்பட்டபோது இதே பாணியில் அறிவிப்பு வைத்தது. யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று சிலர் நம்பியே விட்டார்கள்.

டோப்ளான் 1994லேயே திவாலாகிவிட்டது. தன் வில்லனின் புகழை அது பார்க்கவில்லை.