சோலைபாடிக்கு யார் காணி கொடுப்பது?

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் நோக்கிச் செல்லும் வீதியில், விடிவதற்குச் சற்று முன்னர் வாகனத்தை நிறுத்திக் காது கொடுத்திருக்கிறேன். காட்டின் உள்ளிருந்து குழலோசை போன்ற ஒரு பாட்டு எழும். நடுவே வேறு பறவைகளின் குரல்களையும் அது சேர்த்துப் பாடும். பாடுவது யாரென்று தேடினால் இலகுவில் அகப்படாது. அதுதான் சோலைபாடி.

வீட்டு முற்றத்துக்கு வரும் குண்டுக்கரிச்சானின் உறவினம் இது. ஆனால் முற்றத்துக்கு வராது. தலையும் நெஞ்சும் மினுங்கும் கறுப்பு, வயிறு செம்மஞ்சள், இடுப்பு வெள்ளை. உடலிலும் நீண்ட வால் ஆணுக்கு. பெட்டைக்கு வால் குறுகியது. அடர்ந்த பற்றைக்குள் தாழ்வாக இருந்து, நிலத்திலும் சருகிலும் பூச்சி பிடிக்கும். ஆள் அரவம் கேட்டால் வாலை உயர்த்தி, 'டக் டக்' என்று எச்சரித்துவிட்டு மறையும். கூடு கட்டுவது மரப்பொந்தில்.

இந்தக் குரலே அதற்குப் பகையும் ஆயிற்று. 1889இல் ஜேர்மனியில் லுட்விக் கொக் என்ற சிறுவன் தன் கூண்டுச் சோலைபாடியின் பாட்டை மெழுகு உருளையில் பதிந்தான். உலகில் முதன்முதலாக ஒலிப்பதிவான பறவைப் பாட்டு அதுவே என்பர். தென்கிழக்காசியாவில் கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்தே பல காடுகளில் இப்பறவை அற்றுப்போயிற்று. 2022இல் பனாமாவில் நடந்த மாநாட்டில்தான் இதன் சர்வதேச வணிகம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.

வன்னியில் நம் கவலை கூண்டு அல்ல, காடு. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் பழங்காட்டில்தான் பொந்தும் பற்றையும் சருகும் ஒருங்கே கிடைக்கும். அதை வெட்டிவிட்டுத் தேக்கை வரிசையாக நட்டால், வரைபடத்தில் பச்சை நிறம் மாறாது. கோடையில் இலையுதிர்த்து வெறுமையாக நிற்கும் அந்தத் தோட்டத்தில் சோலைபாடிக்கு மறைவிடம் எது?

2009இல் போர் முடிந்தபின் மீளத் திரும்பிய மக்கள், தாம் முன்னர் பயிர் செய்த நிலம் காடாக எல்லையிடப்பட்டுள்ளது என்று முறையிட்டு வருகின்றனர். இடப்பெயர்வுக் காலத்தில் பற்றை மூடிய வயலைக் காடென்பது நியாயமாகாது. அது உழுதவனுக்கே சேரவேண்டும். அதேவேளை, இரவில் முதிரை மரம் ஏற்றிச் செல்வோர் அந்த ஏழை விவசாயியின் பெயரில் ஒளிந்துகொள்ள நாம் இடங்கொடுக்கலாகாது. சுண்டிக்குளத்தையும் மடு வீதியையும் 2015இல் தேசியப் பூங்காக்களாக அறிவித்தமை நல்லதே. ஆனால் எல்லைக்கல்லுக்கு வெளியே, குளங்களின் மேற்புறத்தில் நிற்கும் பழங்காட்டுக்கும் காவல் வேண்டும். குளத்து நீருக்கும் அதுவே அரண்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகும்போது ஒரு விடிகாலையைக் காட்டோரத்தில் செலவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். அந்தக் குரலைக் கேட்டவர்களே அதற்காகக் குரல் கொடுப்பார்கள்.