பட்டம் வந்துவிட்டது, இடஒதுக்கீடு எங்கே?

குர்கானில் இருந்துகொண்டே இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கலாம். குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகம் 2024லேயே வகுப்புகளைத் தொடங்கிவிட்டது.

மாணவர்கள் இவற்றைத் தேடிப் போவதை நான் குறை சொல்லமாட்டேன். விசா அலைச்சல் இல்லை. லண்டனிலோ மெல்பர்னிலோ வாடகை கொடுக்க வேண்டியதில்லை. மகளைக் கடல் கடந்து அனுப்பத் தயங்கும் வீடுகளும் இதற்குச் சம்மதிக்கின்றன. வேலை கொடுப்பவன் கல்லூரிப் பெயரைப் பார்த்து ஆளை எடைபோடும் நாட்டில், பெயருள்ள பட்டத்துக்கு ஆசைப்படுவது இயல்பு.

அந்த ஆசை யாருக்குக் கைகூடும் என்பதே என் கேள்வி. கட்டணம் மட்டுமே ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்பதன் பெயர் சாதி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைகள், மாணவர் சேர்க்கையையும் கட்டணத்தையும் அந்த நிறுவனங்களே முடிவுசெய்ய விடுகின்றன. இடஒதுக்கீட்டுக் கடமை கிடையாது. உதவித்தொகை 'கொடுக்கலாம்' என்கிறார்கள். 'கொடுக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையோ, வெளிநாடு சென்று முதுகலையோ முனைவர் பட்டமோ படிப்பவர்களுக்கு மட்டும்தான். அதுவும் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு வெறும் 125 இடங்கள். குர்கானில் இளங்கலை சேரும் நம் பிள்ளைக்கு அதில் ஒரு ரூபாயும் வராது.

1913இல் அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போனது பரோடா அரசின் உதவித்தொகையில், மாதம் 11.50 பவுண்டு. அவருக்குத் திறமை இருந்தது. அமெரிக்காவரை கொண்டுபோய்ச் சேர்த்தது பொதுப்பணம். இன்று அமெரிக்காவும் இங்கிலாந்தும் நம் வாசலுக்கே வருகின்றன, பொதுப்பணம்தான் பின்வாங்குகிறது.

'தனியார் நிறுவனத்தில் எப்படி இடஒதுக்கீடு கேட்பது?' என்பார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15(5) பிரிவு அதற்காகவே 2005ஆம் ஆண்டின் 93ஆவது திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. அரசு உதவி பெறாத தனியார் நிறுவனங்களுக்கும் அது செல்லும் என்று 2014இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாக்கி இருப்பது நாடாளுமன்றம் இயற்ற வேண்டிய சட்டம்.

வெளிநாட்டு வளாகங்களையும் உள்ளடக்கி அந்தச் சட்டம் வரட்டும். கட்டணத்தை அரசு ஏற்கட்டும். அதுவரை இதை 'உலகத்தரக் கல்வி' என்று அழைக்க வேண்டாம். அக்ரகாரத்துக்கு இங்கிலாந்துப் பெயர்ப்பலகை மாட்டினாலும் அது அக்ரகாரம்தான்.